கறிபாப்புக்கு எதற்குக் கண்?

ஃபெல்ட் துணியில் தைத்த பலகாரப் பொம்மை எதைக் கொடுத்தாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது விளிம்பைத்தான். நிறம் கடையில் கிடைத்துவிடும். வடிவத்துக்கு ஒரு டப்பா மூடியை வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் போதும். இரண்டு துணி சேரும் இடத்தில்தான் தைத்தவரின் கை தெரியும். ஃபெல்ட்டின் குணம் அப்படி. அது தறியில் நெய்த துணி அல்ல. ஆட்டு ரோமத்தை ஈரமும் சூடும் காட்டி, அழுத்தி அழுத்திப் பிணைய வைத்தது. நம் பக்கத்துக் கடைகளில் தாள் தாளாக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர். முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தி இறுக்கியது. இரண்டிலும் பாவு, ஊடை என்ற பேச்சே இல்லை. அதனால் வெட்டின இடத்தில் நூல் பிரியாது, ஓரத்தை உள்ளே மடிக்கவும் வேண்டாம். ஓரம் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். கோணல் தையலும்தான்.

பெஸ்தாரி ஜெயாவில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஃபெல்ட்டில் கறிபாப் தைக்கிறார். (2007 வரை அந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) கோலசிலாங்கூரில் சுற்றுப்பயணிகளுக்கு விற்கிற மின்மினிப் பூச்சிப் பொம்மையைத் தைத்தால் காசு அதிகம் பார்க்கலாம். அவருக்கு அதில் மனம் இல்லை. நானும் அவர் பக்கம்தான். நம் ஊர்த் தீனிகளில் ஃபெல்ட்டுக்கென்றே பிறந்தது கறிபாப். அசல் கறிபாப்பே ஒரு தையல் வேலைதானே!

பத்து செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்று. அதை இரண்டாக மடித்து, விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளிப் பின்தையல் போடுகிறார். ஆறு இழை எம்பிராய்டரி நூலைப் பிரித்து இரண்டே இழை. விரல் நுழைய வாய் விட்டு, சீனச் சாப்பாட்டுக் குச்சியால் பஞ்சை உள்ளே தள்ளுகிறார். கை நிறைய எடுத்துத் திணித்தால் உள்ளே கட்டி விழும். கிள்ளிக் கிள்ளித்தான் போட வேண்டும். “மூலைய முதல்ல ரொப்பு தம்பி, வயிறு தானா ரொம்பும்” என்றார் ஒரு நாள். சமையலுக்குச் சொன்னாரா தையலுக்குச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் பொருந்தும்.

வாயை மூடிய பிறகுதான் வித்தை. வெளியே நிற்கும் அந்த ஒரு செ.மீ. ஓரத்தை அரை செ.மீ. அரை செ.மீ.யாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் ஒரு கண்ணியில் பிடித்துக்கொண்டே போகிறார். மாவின் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்து மடித்துக் கெலிம் போடுகிற அதே அசைவு. இது அழகுக்கு மட்டும் வைத்த மடிப்பு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் சங்கதி வேறு. பத்து செ.மீ. வட்டத்தின் பாதி வளைவு 15.7 செ.மீ.; ஒரு செ.மீ. உள்ளே ஓடும் தையல் 12.6 செ.மீ.தான். மிஞ்சுகிற மூன்று செ.மீ. எங்காவது போய்ச் சேர வேண்டுமே! அதை மடிப்புகள் விழுங்கிவிடுகின்றன. அதனால்தான் நல்ல கெலிம் கயிறு முறுக்கினதுபோல் படிந்து கிடக்கிறது. மலிவு ஃபெல்ட்டில் இது வராது. விறைத்துக்கொண்டு நிற்கும். மெல்லிய கம்பளி ஃபெல்ட்தான் விரலுக்கு இணங்கும்.

நிறத்தில் அக்காவுக்குப் பிடிவாதம் உண்டு. கடை மஞ்சளில் தைத்த கறிபாப் பொரியாத கறிபாப் என்பார். எண்ணெயிலிருந்து எடுத்ததைப் பாருங்கள்: வயிறு பொன்னிறம், கெலிம் அதைவிடக் கருத்திருக்கும். அந்தச் சாயலுக்காக வெள்ளைக் கம்பளி ஃபெல்ட்டை முதலில் தேநீர்ச் சாயத்தில் ஊற வைக்கிறார். தைத்து முடித்தபின் கெட்டிச் சாயத்தைத் தூரிகையால் மடிப்புகளில் மட்டும் இன்னொரு முறை தொடுகிறார். பாலியெஸ்டரில் தேநீர் ஏறாது. பொரிக்கிற எண்ணெய்க்கும் அந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு. பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார்.

வடை வேறு கதை. ஓட்டை இருக்கிறதே, அதன் உள்விளிம்பை முதலில் தைத்துவிட வேண்டும். வெளிவட்டத்தை முதலில் மூடிவிட்டால் பிறகு ஓட்டைக்குள் ஊசி திரும்பாது. சிலர் நடுவில் கறுப்பு நூலால் ஒரு வட்டம் போட்டு ஓட்டை என்கிறார்கள். அது ஏமாற்று. இட்லிதான் எல்லாவற்றிலும் கடினம். மறைந்துகொள்ள மிளகாயும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. வெறும் வெள்ளை, வெறும் வளைவு. விளிம்பில் ஓட்டுத்தையல் போட்டு மெதுவாகச் சுருக்கி அந்த மேட்டைக் கொண்டுவர வேண்டும். சுருக்கம் ஒரு பக்கம் கூடினாலும் மூடி திறந்து ஆறிப்போன இட்லிதான்.

பஞ்சிலும் ருசி உண்டு. பாலியெஸ்டர் பஞ்சு அழுத்தினால் உடனே எழும்பும். இட்லிக்கு அதுதான் சரி. கறிபாப்புக்கு நான் இலவம் பஞ்சையே சொல்வேன். மலாய்க்காரர்களின் கெக்காபு. தோட்டத்து லயங்களில் தலையணையெல்லாம் ஒரு காலத்தில் அதுதான். அழுத்தினால் அமுங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழும்பும். உள்ளே உருளைக்கிழங்கு இருப்பதாகவே கை நம்பிவிடும். துவைத்தால் கட்டிக்கொள்ளும் என்பது மெய்தான். எதற்குத் துவைக்கிறீர்கள்?

ஃபெல்ட் பொம்மையின் பூர்வீகமே தையல் பெட்டி. சிறு வயதில் போலியோ தாக்கி நடக்க முடியாமல் போன ஜெர்மானியத் தையல்காரி மார்கரெத்தே ஸ்டைஃப், 1880 வாக்கில் ஊசி குத்தி வைக்க ஃபெல்ட்டில் ஒரு குட்டி யானை தைத்தார். பிள்ளைகள் அதைப் பிடுங்கி விளையாடத் தொடங்கினார்கள். பெரிய பொம்மை நிறுவனமே அதிலிருந்து முளைத்தது. ஊசி குத்தி வைக்கிற பஞ்சடைத்த தக்காளியோ நம் அம்மாக்களின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. மேல்நாட்டுத் தக்காளியில் ஒரு சின்ன ஸ்ட்ராபெரியும் தொங்கும். அதற்குள் இருப்பது பஞ்சு அல்ல, ஊசியைத் தீட்டும் குருந்தப் பொடி. 2014இல் லூசி ஸ்பாரோ என்ற ஆங்கிலேயக் கலைஞர் லண்டனில் ஒரு மளிகைக் கடையையே ஃபெல்ட்டில் தைத்து வைத்தார், நாலாயிரம் பொருள்கள். பிரமிப்புதான். ஆனால் அங்கே கண்ணை இழுப்பது எண்ணிக்கை. ஒரு கெலிமை உற்றுப் பார்க்கிற சுகம் வேறு.

நம் பிள்ளைகளுக்குச் சொப்புச் சாமான் உண்டு. சட்டி, பானை, அடுப்பு எல்லாம் இருக்கும். சோறு மட்டும் மண்ணிலும் இலையிலும் அவர்களே ஆக்கிக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்ததும் அப்படித்தான். அதனால் தைத்துக் கொடுத்த இட்லியைப் பார்த்துச் சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்: கற்பனைக்கு என்ன மிச்சம்? எனக்கும் அந்தக் கேள்வியில் பாதி உடன்பாடு. இன்னொரு பாதிக்குப் பதில், கண்ணும் சிரிப்பும் வைக்காமல் விடுவது. கடைகளில் இப்போது கன்னம் சிவந்து சிரிக்காத தீனியே இல்லை. சிரிக்கும் கறிபாப்பைப் பிள்ளை எப்படிக் கடிக்கும்? கண் வைத்ததும் அது பலகாரம் அல்ல, பூனைக்குட்டி.

இரவுச் சந்தையில் கையால் தைத்ததைப் பார்த்தால் வாங்குங்கள். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், தையலின் கண்ணிகள் ஒரே தூரத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள், ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு என்றால் மணி தைத்ததை எடுக்க வேண்டாம். பிய்ந்து வாய்க்குள் போகும். தொழிற்சாலையில் தைத்து வருகிற நாசி லெமாக் பொட்டலத்தின் விலையைச் சொல்லி மட்டும் பேரம் பேசாதீர்கள். ஒரு கெலிமுக்கு மட்டும் அக்காவுக்கு ஒரு மணி நேரம் போகிறது.