தரையில் செய்த கூரை

குமரி மாவட்டத்தின் இரணியல், தக்கலை வட்டாரத்துப் பழைய ஆசாரிமார் கூரையைச் சுவர்மேல் ஏறி நின்று செய்ததில்லை. சுவர் எழும்புகிற நாட்களிலேயே முற்றத்துப் பந்தலின் கீழ் அயினியும் தேக்கும் பலாவும் அடுக்கிவைத்து, உத்தரம், சரிவாக இறங்கும் கழுக்கோல், முகட்டில் ஓடும் மோந்தாயம், ஓடு தாங்கும் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் அளந்து அறுத்து இழைத்துத் துளையிட்டுவிடுவார்கள். தரையிலேயே பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்திய பிறகு உளியால் அடையாளம் கொத்திப் பிரித்துவைத்து, நல்ல நாள் பார்த்து மேலே ஏற்றுவார்கள். ஏற்றும் வேலை சட்டென்று முடிந்துவிடும். தரையில் நடக்கும் வேலைதான் நீளும்.

ஆலையில் உறுப்புகளைச் செய்து கொண்டுவந்து பொருத்துவது புதிய முறை, மனையிலேயே ஒவ்வொன்றாகக் கட்டுவது பழைய முறை என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் ஊர் வரலாறு இதற்கு நேர் எதிராக ஓடுகிறது. வீட்டை அங்கேயே ஊற்றி வார்க்கும் பழக்கம் சிமெண்டோடு வந்தது. பொருத்திக் கட்டுவதுதான் அதற்கு முந்தியது. இலங்கையிலும் இந்தியாவிலும் இன்று முன்வார்ப்பு வீடுகள் பற்றி நடக்கும் வாதத்தை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். உறுப்பு எங்கே பிறந்தது என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதை வீட்டுக்காரரும் ஊர் ஆசாரியும் தூக்க முடியுமா, கழற்ற முடியுமா, உடைந்தால் மாற்ற முடியுமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அந்தப் பழைய கூரையின் கணக்கு லேசானதல்ல. நான்கு பக்கமும் சரியும் கூரையில் மூலைக்கு வரவரக் கழுக்கோலின் நீளம் மாறும், சாய்வு மாறும். எல்லாக் கழுக்கோல்களையும் ஊடுருவி ‘வளை’ என்ற மரச்சட்டம் ஒன்று போகும். அது தடையின்றிப் போக வேண்டுமானால், ஒவ்வொரு கோலிலும் துளை எந்த உயரத்தில், எந்தச் சரிவில் விழ வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மேலே ஏறிய பின் துளை தவறினால் திருத்த வழியில்லை. 24 விரல் கொண்ட முழக்கோல் ஒன்றை, ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் நீளமுள்ளதை, வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டார்கள். சுவர்கூடச் சில வீடுகளில் மரம்தான். பள்ளமிட்ட சட்டங்களுக்குள் பலகைகளை நெட்டாக இறக்கினால் அறை தயார். 1601 அளவில் வேணாட்டின் தலைமையிடம் இரணியலிலிருந்து பத்மநாபபுரத்துக்கு மாறியபோது, இந்தத் தச்சுமுறையே அங்கே பேருருக் கொண்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தையும் பூமுகத்தையும் பார்க்கிறவர்கள் செதுக்கு வேலையை வியந்துவிட்டுப் போகிறார்கள். கழுத்தை நிமிர்த்திக் கூரையின் பொருத்துகளைப் பாருங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றும்.

பொருத்திய வீட்டைப் பிரிக்கவும் முடியும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சிரியன் கிறித்தவர் வீடு ஒன்று நிற்கிறது. 1850-இல் எழுந்த மரவீடு அது. குமரகத்தில் பழைய மரவீடுகளை இப்படிப் பெயர்த்து வந்து சுற்றுலா விடுதியாக்கியிருக்கிறார்கள். விற்றவர் குடும்பத்துக்கு அது வருத்தமாக இருக்கலாம், ஆனால் மரம் விறகாகவில்லை. அதே தச்சில் எழுந்த இரணியல் அரண்மனையோ பராமரிப்பின்றிக் கூரை சரிந்து பல ஆண்டுகள் மழையில் நனைந்து கிடந்தது. ஓடு உடைந்த வாரமே மாற்றியிருந்தால் கழுக்கோல் தப்பியிருக்கும். கழுக்கோல் ஒன்றை மாற்றியிருந்தால் கூரை தப்பியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்த இடத்தைப் பனை எடுத்துக்கொண்டது. முற்றிய வைரப் பனையைப் பிளந்து வளையும் தீராந்தியும் சலாகையும் செய்து கூரை போட்டார்கள். பிறகு அங்கும் சிமெண்டு வந்தது, ஆனால் வேறு வடிவில். வளவுக்குள்ளேயே அச்சு வைத்துச் சீமெந்துக் கல் அரிந்து, காயவைத்து, கை ஓடும்போது கட்டுவது அவர்கள் வழக்கம். காற்றுக்குப் பூக்கல். இதுவும் முன்வார்ப்புதான். ஆலை வீட்டுவாசலில் இருக்கிறது, அவ்வளவே.

போர் முடிந்த பின் இந்த வழக்கத்தின் மேல்தான் பெரிய திட்டங்கள் வந்து இறங்கின. இந்திய வீட்டுத் திட்டத்தில் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012-இல் வடக்கு, கிழக்கில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வீடொன்றுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், கட்டக் கட்டத் தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போனது. மேசனைப் பிடிப்பதும் கல் அரிவதும் குடும்பத்தின் பொறுப்பு. மணல், மர விலை ஏறி, வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்க ஆசைப்பட்டுக் கடனில் விழுந்தவர்கள் உண்டு. ஆளில்லாத குடும்பங்களுக்குப் பெரும் சுமையாகவும் இருந்தது. ஆனாலும் அது அவர்களுக்குக் கைவந்த வேலை.

அதன் பிறகு வந்ததுதான் 65,000 இரும்பு வீடுகள் திட்டம். ஆர்செலர் மிட்டல் நிறுவனம் முன்தயாரித்துத் தருவதாக 2015, 2016-இல் பேசப்பட்டது. வீடொன்று ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாம் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் எதிர்த்தார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் குறைகளை எடுத்துச் சொன்னார்கள். அத்திவாரம் போதாது, வெக்கை, விறகடுப்புக்குப் புகைபோக்கி இல்லை, பின்னால் ஓர் அறை சேர்க்க வழியில்லை, உள்ளூர் மேசனுக்கு வேலை இல்லை என்று பட்டியல் நீண்டது. திட்டம் அந்த அளவில் நிறைவேறவில்லை. 2018 ஏப்ரலில் 40,000 வீடுகளுக்குச் சீன நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் பெற்றபோதும், கான்கிரீட் வார்ப்பு வீடு வேண்டாம், கல்வீடு வேண்டும் என்று மக்கள் நின்றார்கள். இதைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். பத்து வருடம் கழித்துச் சுவர் விரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்து பேசியவர்கள் அவர்கள்.

அதே இலங்கையில் முன்வார்ப்பு ஓசையில்லாமல் வெற்றிபெற்ற இடமும் உண்டு. ஏ. என். எஸ். குலசிங்க என்ற பொறியியலாளர், கம்பியை இழுத்துப் பிடித்து வார்க்கும் முன்னழுத்தக் கான்கிரீட்டில் பெயர் பெற்றவர். களுத்துறை போதியின் உள்வெற்றிடமான தாதுகோபம் அவர் கைவண்ணம். அவர் வளர்த்த தேசிய பொறியியல் ஆராய்ச்சி மையம் எளிய மேல்தட்டு முறையொன்றைப் பரப்பியது. ஒல்லியான முன்னழுத்த உத்தரங்கள் மட்டும் பட்டறையிலிருந்து வரும். அவற்றைச் சுமார் 2 அடிக்கு ஒன்றாகச் சுவர்மேல் வைத்து, இடையில் கம்பிவலை விரித்து, ஏறத்தாழ 2 அங்குலக் கான்கிரீட்டை மேசன் அங்கேயே போடுகிறார். கடினமான பாதி ஆலையில், மீதி ஊரில். முட்டும் பலகையும் வெகுவாகக் குறைகின்றன.

இந்தியாவில் அரசின் கவனம் பெரிய அளவை நோக்கிப் போனது. சென்னைப் பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறந்த 1,152 வீடுகள், தூண், உத்தரம், தளம் எல்லாம் முன்வார்த்துக் கிரேன் வைத்துப் பொருத்தியவை. மதிப்பு 116 கோடி ரூபாய். மாடி வீடுகளுக்கு, அதுவும் நகரத்தில், அது பொருந்துகிறது. வேகம் கிடைக்கிறது, வார்ப்பின் தரமும் சீராக இருக்கும். தனி மனையில் ஒரு குடும்பம் கட்டும் சிறு வீட்டுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உத்தரமும் பலகையுமாகச் சிறு முன்வார்ப்பு முறை ஒன்றை எப்போதோ உருவாக்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அது பேச்சில்கூட இல்லை.

இங்கே வார்ப்பு நாள் என்றால் இன்றும் முட்டுக்கால் காடு, பலகை வாடகை, ஒரே நாளில் ஓட்டமும் கூச்சலும்தான். இத்தனைக்கும் கிணற்று உறையும் சுற்றுச்சுவர்ப் பலகையும் கான்கிரீட் ஜன்னல் சட்டமும் வார்த்து விற்கும் களங்கள் குமரி மாவட்டச் சாலையோரங்களில் ஏராளம். அந்தக் கைகளுக்கு முன்னழுத்த உத்தரம் எட்டாத வித்தை அல்ல. கம்பியை இழுத்துப் பிடிக்கும் படுகையும், பயிற்சியும், ஒவ்வொரு வார்ப்பையும் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடும் வேண்டும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய்க்கு 360 சதுர அடி வீடு கட்டுகிறவர், அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை போட வேண்டும். அந்தக் கூரையைக் களத்தில் வார்த்த உத்தரங்களால் கட்ட அரசு அனுமதித்து, வரைபடமும் தந்தால், முட்டுக்கும் பலகைக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதி அவருக்கு மிஞ்சும். இரணியலின் நெசவுத் தெருக்கள் போன்ற ஒடுங்கிய இடங்களுக்குக் கலவை லாரி வராது. நான்கைந்து பேர் தோளில் சுமந்து போகும் உத்தரம் வரும்.