சீ-டாக் ஓடைகளுக்கு யார் பொறுப்பு?

சியாட்டில்–டகோமா (சீ-டாக்) விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை 2008 நவம்பரில் திறக்கப்பட்டது. நீளம் 8,500 அடி, செலவு ஏறத்தாழ 110 கோடி டாலர். பழைய இரண்டு ஓடுபாதைகளும் மிக நெருக்கமாக இருந்ததால், மேகம் தாழ்ந்த நாட்களில் விமானங்களை ஒரே வரிசையில்தான் இறக்க முடிந்தது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இது. விமான நிலையம் இருப்பது ஒரு மேட்டில். மேற்குப் பக்கம் நிலம் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில் ஒரு கோடி கன கெஜத்துக்கும் மேல் மண் கொட்டி, உயரமான தாங்குசுவர் எழுப்பி இடம் உண்டாக்கினார்கள். சுமார் 18 ஏக்கர் சதுப்பு நிலம் மண்ணுக்கடியில் போனது.

அடிவாரத்தில் மில்லர் ஓடையும் வாக்கர் ஓடையும் ஓடுகின்றன. தெற்கே டிமாயின்ஸ் ஓடை. மூன்றும் சின்ன ஓடைகள். சில மைல் ஓடி ப்யூஜெட் சவுண்ட் கடலில் கலந்துவிடும். ஆனால் இலையுதிர்காலத்தில் கோஹோ சால்மன் முட்டையிட ஏறி வருவது இவற்றில்தான். விமான நிலையத்துக் கூரை, தார், கான்கிரீட் எல்லாவற்றிலும் விழும் மழை கடைசியில் எங்கே போகிறது என்ற கேள்வி இங்கே வழக்கு மன்றங்களில் வரிவரியாக அலசப்பட்டது. அத்தனை அலசலுக்குப் பிறகு ஓடை பிழைத்ததா என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 401-ஆவது பிரிவு மாநிலங்களின் கையில் ஒரு பிடியைக் கொடுக்கிறது. மத்திய அரசின் அனுமதி தேவைப்படும் ஒரு திட்டத்திலிருந்து நீர்நிலையில் எதுவும் சேருமானால், முதலில் மாநிலம் சான்று தர வேண்டும். நீர்த்தர விதிகள் மீறப்படாது என்று நம்ப நியாயமான ஆதாரம் இருக்கிறது என்பதே அந்தச் சான்றின் பொருள். வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறை 2001 செப்டம்பரில் அதைக் கொடுத்தது. ப்யூரியன், டிமாயின்ஸ், நார்மண்டி பார்க், டக்வில்லா, ஃபெடரல் வே ஆகிய ஐந்து ஊர்களும் ஹைலைன் பள்ளி மாவட்டமும் கூட்டமைப்பாகச் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு முறையீட்டு வாரியத்துக்குப் போயின. 2002 ஆகஸ்டில் வாரியம் சான்றை ரத்து செய்யவில்லை. இருக்கிற நிலையில் ஆதாரம் போதாது என்று சொல்லி, கூடுதல் நிபந்தனைகளைச் சேர்த்தது. 2004-ல் மாநில உச்ச நீதிமன்றம் சிலவற்றை மாற்றிவிட்டுப் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது.

வாரியம் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. துறை சான்று கொடுத்த நாளில் சில திட்டங்கள் முடிவாகியிருக்கவில்லை, பிறகு திருத்தித் தருவதாக ஏற்பாடு. ஓடைக்கு அது ஆபத்தான ஏற்பாடு. கான்கிரீட் விழுந்த பிறகு கணக்கு தப்பென்று தெரிந்தால் யார் அதைப் பெயர்ப்பார்கள்? கொட்டும் மண் எங்கிருந்து வருகிறது, அதில் ஆர்செனிக் போன்றவை எவ்வளவு இருக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டதும் இதே காரணத்தால்தான். டகோமாவில் பல பத்தாண்டுகள் புகைந்த ஆசார்கோ உருக்காலையின் ஆர்செனிக் படிந்த நிலங்கள் அந்த வட்டாரத்தில் பரவிக்கிடக்கின்றன. மலை போலக் குவிக்கும் மண்ணில் அது கலந்திருந்தால், ஒவ்வொரு மழையும் அதைக் கசியவைத்து ஓடையில் சேர்க்கும்.

கோடைக்கால நீரோட்டத்தைப் பற்றிய விவாதமும் இதே அளவுக்குக் கூர்மையானது. மண்ணில் இறங்க வேண்டிய மழை கான்கிரீட்டில் வழிந்து போனால் குளிர்காலத்தில் ஓடை கரையை அரிக்கும், ஆகஸ்டில் வற்றும். மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துவைத்து, வறண்ட மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவதாகத் துறைமுக நிர்வாகம் சொன்னது (இந்த ஊரில் விமான நிலையமும் அவர்கள் பொறுப்புதான்). அப்படித் தேக்கித் திறக்கத் தனியாக நீருரிமை வாங்க வேண்டுமா என்பதுகூட வழக்கில் ஒரு வாதமானது. மழைநீர் என்றால் எவ்வளவு வேகமாக வெளியேற்றுவது என்று மட்டுமே யோசிக்கும் பொறியியலுக்கு நடுவில், எவ்வளவு நீர் ஓடைக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்க வைத்தது பெரிய சாதனை. இந்த வழக்கின் மிகச் சிறந்த விளைவு இதுதான் என்பேன்.

இனி ஓட்டைகள். 401-ஆவது பிரிவின்படி, விண்ணப்பம் வந்த ஒரு வருடத்துக்குள் மாநிலம் முடிவு சொல்லிவிட வேண்டும். வாரியத்தின் நிபந்தனைகள் அந்தக் கெடுவுக்குப் பிறகு வந்தன. மத்திய அனுமதியைத் தரும் ராணுவப் பொறியாளர் படை அவற்றைத் தன் அனுமதியில் சேர்க்க மறுத்தது. சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை என்று 2003-ல் கூட்டாட்சி நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாநிலச் சட்டத்தின் கீழ் நிபந்தனைகளுக்கு உயிர் உண்டு, ஆனால் மத்திய அனுமதியின் பலம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. அவசரமாகக் கொடுத்த சான்று கெடுவுக்குள் வந்துவிடுகிறது. சாட்சிகளை விசாரித்து, ஆவணங்களைப் புரட்டி எட்டிய முடிவோ தாமதம் என்று தள்ளப்படுகிறது. முறையீட்டுக் காலத்தைக் கணக்கில் எடுக்காத கெடு, குடிமக்களின் கேள்விக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது.

சதுப்பு நிலக் கணக்கிலும் எனக்கு உடன்பாடில்லை. மில்லர் ஓடையின் ஒரு பகுதியை இடம் மாற்றி, கரையோரம் செடி கொடி நட்டு ஈடுசெய்தார்கள், அது நல்லது. ஆனால் ஈட்டின் பெரிய பங்கு தென்கிழக்கே ஆபர்னில், கிரீன் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்தது. பறவை மோதினால் விமானத்துக்கு ஆபத்து என்பதால், ஜெட் ஓடுபாதையிலிருந்து 10,000 அடிக்குள் பறவையை ஈர்க்கும் நீர்ப்பரப்பு கூடாது என்பது கூட்டாட்சி விமானத் துறையின் வழிகாட்டுதல். தேங்கும் மழைநீரும் 48 மணி நேரத்துக்குள் வடிய வேண்டும். பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட விதி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மில்லர் ஓடை இழந்த நீர்ப்பிடிப்பு வேறொரு ஆற்றுக்குப் போயிற்று என்பதை ஈடு என்று முழுதாக எழுதிக்கொள்ளக் கூடாது.

பனி நீக்கும் திரவத்தைப் பார்ப்போம். இறக்கையில் தெளிக்கும் புரொப்பிலீன் கிளைகால் நேரடி விஷமாக இல்லாவிட்டாலும் நீரில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்ஸிஜனைக் காலி செய்யும். ஒரு கிலோ கிளைகால் முழுக்கச் சிதைய ஏறத்தாழ 1.7 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். 5 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது சுமார் 13 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால் ஒரே கிலோ, 1,30,000 லிட்டர் ஓடை நீரின் மூச்சை நிறுத்தப் போதும். சீ-டாக்கில் இரண்டு தனி வடிகால்கள் உண்டு. விமானம் நிற்கும், எரிபொருள் நிரப்பும், பனி நீக்கும் இடங்களின் நீர் சுத்திகரிப்புக்குப் போய்க் குழாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஆக்ஸிஜனை அதிகம் தின்னும் நீர் ரென்டனிலுள்ள கிங் கவுண்டி கழிவுநீர் நிலையத்துக்கு அனுப்பப்படுகிறது. மற்ற நீர் மட்டுமே ஓடைகளுக்கு. இந்தப் பிரிவினை நன்றாகவே வேலை செய்கிறது.

நாட்டுச் சட்டமோ இந்த அளவுக்கு வரவில்லை. 2012-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொண்டுவந்த விதிப்படி, குளிர் பிரதேசத்தில் புதிதாக அமையும் பெரிய விமான நிலையங்கள் தெளித்த திரவத்தில் 60 சதவீதத்தைச் சேகரிக்க வேண்டும். 2009 வரைவில் பழைய நிலையங்களுக்கும் சேகரிப்புக் கடமை இருந்தது. இறுதி விதியில் அதை எடுத்துவிட்டு, ஓடுதளத்தில் யூரியாவைத் தவிர்ப்பது அல்லது அமோனியா வரம்புக்குள் நிற்பது என்று குறைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் முழுக்கப் புதிய பெரிய விமான நிலையம் அபூர்வம். நடப்பதெல்லாம் விரிவாக்கம். அப்படியிருக்க, கடுமையான விதியைப் புதியவற்றுக்கு மட்டும் வைத்தது என் பார்வையில் இந்த விதியின் மையக் குறை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கோஹோவின் சாவு. கடலில் வளர்ந்து கொழுத்த பெட்டை மீன் முதல் இலையுதிர்கால மழையோடு ஓடைக்குள் நுழைகிறது. சில மணி நேரத்தில் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, வட்டமடிக்கிறது, நிலை தடுமாறிச் சாய்கிறது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் முட்டை அப்படியே இருக்கும். மில்லர், வாக்கர் ஓடைகளில் ஊர்த் தன்னார்வலர்கள் இப்படிச் செத்த மீன்களைப் பல ஆண்டுகளாக நடந்து நடந்து எண்ணியிருக்கிறார்கள். காரணம் 2020 டிசம்பரில்தான் தெரிந்தது. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோனாக மாறுகிறது. அதுதான் நஞ்சு. லிட்டருக்கு 100 நானோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே கோஹோ சாகிறது. சோதனைக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கும் டாஃப்னியாவையும் ஜீப்ரா மீனையும் அது கொல்வதில்லை. செம்பு, துத்தநாகம், எண்ணெய், கலங்கல் என்று குழாய் வாயில் அளந்த பட்டியலில் 2001-ல் இந்தப் பெயரே கிடையாது.

இதற்கு விமான நிலையத்தை மட்டும் குற்றம் சொன்னால் அது நியாயமாகாது. நெடுஞ்சாலைகளும் ப்யூரியன் ஊர்த் தெருக்களும் அதே ஓடைகளில்தான் வடிகின்றன. கார் டயர்தான் முக்கிய மூலம். ஆனால் விமான நிலையம் ஓடுபாதை மட்டும் இல்லையே! 2024-ல் அங்கே வந்துபோன பயணிகள் 5 கோடிக்கு மேல். அவர்களை ஏற்றி இறக்கும் காரும் பேருந்தும் அதன் வளர்ச்சியின் பகுதிதான்.

என் தீர்ப்பு இது. கட்டுவதற்கு முன் கேள்வி கேட்பதில் சீ-டாக் ஒழுங்குமுறை தேர்ச்சி பெற்றது. நீரின் அளவு, வடிகால் பிரிவினை, மண்ணின் தரம் மூன்றிலும் அதைப் பின்பற்றலாம். ஓடையின் உயிரைக் காப்பதில் அது தோற்றது. தெரிந்த பொருட்களின் பட்டியலைக் குழாய் வாயில் சரிபார்த்ததோடு அது நின்றுவிட்டது. முதல் மழையில், ஓடைக்குள்ளேயே, அங்கே வாழும் மீனை வைத்துச் சோதித்திருந்தால், பெயர் தெரியாத நஞ்சுக்கும் எச்சரிக்கை மணி அடித்திருக்கும்.

இப்போது 19 புதிய விமான நிறுத்துமிடங்களும் இன்னொரு முனையமும் கொண்ட அடுத்த விரிவாக்கம் வரிசையில் நிற்கிறது. 2024-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 6பிபிடி-குவினோனுக்கு லிட்டருக்கு 11 நானோகிராம் என்று ஓர் அளவுகோலையும் வெளியிட்டுவிட்டது. மண்ணும் உரமும் கலந்த வடிகட்டும் படுகை வழியே சாலைநீரை இறக்கினால் கோஹோ பிழைக்கிறது என்பது ஆய்வில் நிரூபணமான விஷயம். அதனால் புதிய முனையத்துக்குப் போகும் சாலைகளிலும் வாகன நிறுத்தங்களிலும் அந்தப் படுகைகளைக் கட்டாயமாக்காமல் உரிமம் தரக் கூடாது. அந்தப் படுகைக்கான இடத்தையும் பணத்தையும் முதல் மண் கொட்டும் முன்பே திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.