அறுபடாத வட்டமும் விடுபட்ட பெயரும்

அமெரிக்கர் ‘கண்ட்ரி இசை’ என வழங்குவதை நம் நாட்டுப்புறப் பாடலோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. தென் மாநிலங்களின் வயலிலும் வீட்டு முகப்பிலும் சிற்றாலயத்திலும் அது பிறந்தது உண்மையே. ஆனால் 1920களிலிருந்து அதை வளர்த்தது இசைத்தட்டு வணிகம். எனவே அங்கே பழமையும் ஒரு விலைபொருள். தலைமுறைக்கு ஒருவர் எழுந்து, ‘இது உண்மையான கண்ட்ரி இசையன்று’ என முழங்குவதும் அவ்விசையுலகின் வாடிக்கை. 1975இல் நடந்த விருது விழாவொன்றில், ஜான் டென்வரின் பெயர் எழுதப்பட்ட உறையைப் பாடகர் சார்லி ரிச் மேடையிலேயே தீயிட்டார். மதுமயக்கம் என்பாரும் உண்டு. பழமைப் பற்று என்பாரும் உண்டு. பற்றுதான் என்றால், ரிச்சின் புகழ்பெற்ற பாடல்களே வயலின் கூட்டங்களால் மெருகேற்றப்பட்ட நகர்ப்புற வார்ப்புகள் என்பதை என்னவென்று சொல்வது!

வேரைப் போற்றுவது என்றால் என்ன என்பதற்கு அந்தத் தீயைவிட நல்ல சான்று அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1972இல், வெளிவந்திருந்தது. ‘வட்டம் அறுபடாதிருக்குமோ’ என்னும் பொருள் தரும் தலைப்பைக் கொண்ட, மூன்று இசைத்தட்டுகளாலான தொகுப்பு அது. அதை முயன்று ஆக்கியவர்கள் ‘நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்’ என்னும் கலிபோர்னிய இளைஞர் குழுவினர். நீண்ட கூந்தலும் ராக் இசைப் பழக்கமும் உடையவர்கள். வியட்நாம் போரின் காரணமாகத் தந்தையும் மகனும் ஒரே மேசையில் அமர மறுத்த காலம் அது. அந்நிலையில் இவ்விளைஞர்கள் 1971இல் நாஷ்வில் நகருக்குச் சென்று மூத்த கலைஞர்களை அழைத்தனர். பில் மன்ரோ மறுத்துவிட்டார். ராய் ஏகஃப் ஐயத்தோடு வந்து, இசையைக் கேட்டபின் உடன்பட்டார். மேபெல் கார்ட்டர், எர்ல் ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன், மெர்ல் டிராவிஸ் ஆகியோரும் வந்தனர். தம் மகனுக்கு டிராவிஸின் பெயரையே இட்டிருந்த பார்வையற்ற கலைஞர் வாட்சன், டிராவிஸை முதன்முதலாகச் சந்தித்தது அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். அவ்விருவரின் உரையாடலும் பாடல்களோடு சேர்த்தே பதிவாகியுள்ளது. தொகுப்பு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இசையே இல்லாத அந்தச் சில நிமிடங்கள் என்றால் வாசகர் நகைக்கக் கூடும்.

இத்தொகுப்பின் சிறப்பு, அழைத்தவர்கள் பின்னே நின்றதில் இருக்கிறது. தம் பெயரில் வரும் தட்டில் பெரும்பாலும் பக்கவாத்தியக்காரராக அமைந்துவிட அவர்களுக்கு மனம் இருந்தது. தாளத்தை மிகைப்படுத்தவில்லை, மூத்தோர் குரலுக்கு மெருகு பூசவுமில்லை. மேபெல் அம்மையார் கட்டைவிரலால் கித்தாரின் கனத்த நரம்புகளில் மெட்டை எடுத்து, மற்ற விரல்களால் தாளத்தை வருடிச் செல்லும் முறை அங்கே தெளிவாகக் கேட்கிறது.

அத்தொகுப்புக்குத் தலைப்பாகிய பாடலின் கதை இன்னும் ஆழமானது. அது 1907இல் எழுந்த ஒரு கிறிஸ்தவ ஞானப்பாட்டு. சொற்கள் ஆங்கில நாட்டுப் பெண்மணி ஏடா ஹேபர்ஷனுடையவை. இசை சார்லஸ் கேப்ரியலுடையது. பிரிந்த உறவினர் விண்ணகத்தில் மீண்டும் கூடுவரா என்று கேட்கும் பொதுவான வேண்டல் அது. 1935இல் கார்ட்டர் குடும்பத்தார் அதைப் பதிவு செய்தபோது, பல்லவியின் சாயலை வைத்துக்கொண்டு சரணங்களை மாற்றிவிட்டனர். தாயின் உடல் வீட்டைவிட்டுச் செல்வதைப் பார்த்து நிற்கும் ஒரு பிள்ளையின் துயரமாக அது ஆகிவிட்டது. உபதேசம் இழவு வீட்டுக்குள் நுழைந்தது. இன்று ‘பழைய பாட்டு’ எனப் பலர் போற்றுவது இந்த மாற்றப்பட்ட வடிவத்தையே. மாற்றத்தை அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1972இன் தொகுப்பிலும் எல்லாரும் கூடி அப்பாட்டைப் பாடிய பின் தட்டு முடிந்துவிடவில்லை. எர்ல் ஸ்க்ரக்ஸின் மகன் ராண்டி, ஜோனி மிட்செல் இயற்றிய 1960களின் புதுப்பாடல் ஒன்றைத் தனிக் கித்தாரில் வாசிக்கிறார். அவருக்கு அப்போது பதினெட்டு வயது. இறுதி ஒலி அதுதான்.

இவ்வளவு பாராட்டிய பின்பும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அந்த வட்டத்தில் கறுப்பினக் கலைஞர் ஒருவரும் இல்லை. கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாடல் தேடி அலைந்தபோது உடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கித்தார்க் கலைஞர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ. பி. சொற்களை எழுதிக்கொள்ள, மெட்டுகளை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர் ரிடில். தட்டுகளில் அச்சானது கார்ட்டரின் பெயர் மட்டுமே. 1960களில் மைக் சீகர் என்னும் இசைஞர் அவரைக் கண்டறிந்து பதிவு செய்தார். அப்பதிவுகள் தட்டாக வெளிவந்தது ரிடில் இறந்த பின்னர், 1993இல்தான். கண்ட்ரி இசையின் அடையாளமாகிய பாஞ்சோவும் ஆப்பிரிக்க அடிமைகளின் கைவழி வந்த கருவியே. கிராமமும் தூய்மையும் வெள்ளை நிறமும் ஒன்றே எனக் காட்டிய விற்பனைத் தந்திரம் இவர்களை மறைத்துவிட்டது. பெற்றதைக் காப்பதில் கவலை கொண்டோர், யாரிடமிருந்து பெற்றோம் என்பதில் கொள்ளவில்லை.

இந்த மறதியைச் சரிசெய்ய வந்தவர்கள் மீண்டும் இளையவர்களே. 2005 முதல் ரியானன் கிடன்ஸும் நண்பர்களும் வட கரோலினாவில் ஜோ தாம்ப்சன் என்னும் முதிய கறுப்பினப் பிடில் கலைஞரின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று, அவர் காலடியில் அமர்ந்து பயின்றனர். ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்னும் அவர்கள் குழுவின் தட்டு 2011இல் கிராமி விருது பெற்றது. மறு ஆண்டு தாம்ப்சன் காலமானார்.

2024இல் பியான்சே ‘கௌபாய் கார்ட்டர்’ என்னும் தொகுப்பை வெளியிட்டபோது, இது கண்ட்ரி இசைதானா என்ற பழைய வினா மீண்டும் எழுந்தது. பளபளப்பு மிகுந்த தொகுப்புதான். சில இடங்களில் அளவு மீறிய நீளமும் உண்டு. ஆனால் அதன் புகழ்பெற்ற பாடலான ‘டெக்சஸ் ஹோல்ட் எம்’ ஒரு பாஞ்சோவின் ஒலியோடு தொடங்குகிறது. அதை வாசிப்பவர் ரியானன் கிடன்ஸ்.