‘துன்பக்கேணி’யும் கடற்காவலும்

அடிமைத்தனத்தை எதிர்க்கும் இலக்கியம் இரக்கத்தோடு நின்றுவிடலாகாது. அடிமைத்தனம் எவ்வழியாக நடைபெறுகிறது என்பதையும் அது காட்ட வேண்டும். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ அவ்வாறு காட்டும் கதை என்பதே நம் கருத்து. 1930-களில் வெளிவந்த இக்கதையை, அதற்கு நூறாண்டு முந்திய கடல் வரலாறு ஒன்றோடு ஒப்புநோக்கினால் அதன் அருமை விளங்கும்.

1807-ஆம் ஆண்டில் பிரிட்டன் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடுத்தது. மறு ஆண்டே மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் போர்க்கப்பல்களைக் காவலுக்கு அனுப்பியது. 1860-கள் வரை சுமார் 1,600 கப்பல்கள் பிடிபட்டன. ஏறத்தாழ 1,50,000 ஆப்பிரிக்கர் மீட்கப்பட்டனர். ஆயினும், அயல்நாட்டுக் கப்பலில் ஏறிச் சோதிப்பதற்கு அந்நாட்டின் உடன்படிக்கை தேவைப்பட்டது. 1817-இல் போர்ச்சுக்கலும் ஸ்பெயினும் அதற்கு இசைந்தன. ஆனால், அடிமைகள் உள்ளே இருந்தால் மட்டுமே கப்பலைப் பறிமுதல் செய்ய முடிந்தது. எனவே, காவற்கப்பல் தொலைவில் தென்பட்டதும் மனிதரைக் கடலில் எறிந்து தப்ப முயன்ற கப்பல் தலைவரும் உண்டு. 1839-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் இவ்வணிகத்தை வன்மையாகக் கண்டித்தார். அதற்குப் பின்னும் கத்தோலிக்க நாடுகளின் கப்பல்கள் அதில் ஈடுபட்டன என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

1835-இல் ஸ்பெயினோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் புதிய விதியொன்று சேர்ந்தது. கப்பல் வெறுமையாக இருந்தாலும், கால்விலங்குகள், தேவைக்கு மிஞ்சிய தண்ணீர்ப் பீப்பாய்கள், பெரிய சமையல் கொப்பரைகள், கூடுதல் தளம் அமைப்பதற்கான பலகைகள் ஆகியவை காணப்பட்டால் அதைப் பறிமுதல் செய்யலாம். அகப்பட்ட மனிதனை மட்டும் தேடிவந்த சட்டம், அவனை அகப்படுத்தும் கருவிகளையும் தேடக் கற்றுக்கொண்டது.

ஆனால், கருவிகளும் உருமாறின. 1834-இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் அனுப்பப்பட்டனர். பின்னர் பிஜித் தீவுக்கும் அனுப்பப்பட்டனர். அக்கப்பல்களில் விலங்கு இல்லை. அரசின் உரிமமும், கூலிகள் கைநாட்டு வைத்த ஒப்பந்தமும் இருந்தன. எந்தக் காவற்கப்பலும் அவற்றை மறிக்கவில்லை. பிஜியில் வாடிய நம் பெண்களுக்காகப் பாரதி பாடினார். அப்பாடலில் வரும் சொல்லே புதுமைப்பித்தன் கதையின் தலைப்பாகவும் அமைந்திருக்கிறது.

எனினும், இருவர் நோக்கும் ஒன்றல்ல. பாரதி கடலுக்கு இப்பால் நின்று அழுகுரலைக் கேட்கிறார். அங்கே துயரம் இருக்கிறது, துயருறும் பெண்ணுக்குப் பெயரில்லை. புதுமைப்பித்தன் அவளுக்கு மருதி என்று பெயரிட்டு, அவளுடைய ஊரிலேயே கதையைத் தொடங்குகிறார். சேரி, நிலவுடைமை, வறுமை ஆகியவை முதலில் வருகின்றன. கங்காணியும் இலங்கைத் தேயிலைத் தோட்டமும் பின்னரே வருகின்றன. கப்பலேறுமுன்பே அவள் பாதி பிணைக்கப்பட்டவள் என்பதை வாசகன் உணர்ந்துவிடுகிறான். இதுவே கதையின் வலிமை. நீண்ட காலத்தைச் சிறுகதைக்குள் அடக்க முயல்வதால் பிற்பகுதி நெருக்கப்பட்டிருக்கிறது என்பதும் உண்மையே. ஆனால், குற்றத்தை ஒரு கொடியவன் தலையில் மட்டும் சுமத்தித் தப்பிக்க அது நம்மை விடுவதில்லை.

அன்று இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கியது. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டத்தார் எழுதித் தரும் சீட்டு அது. 1921-இல் அது ஒழிக்கப்படும்வரை, இரும்பு விலங்கு செய்த வேலையை ஒரு காகிதம் செய்தது.

கல்குவாரிகள் சூழ்ந்த, கர்நாடக எல்லையை ஒட்டிய தளியில் இருந்து இக்கதையைப் படிக்கும்போது, அது பழங்கதையாகத் தோன்றவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இவ்வட்டாரத்தில் இன்று இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. பிழைப்பு நாடி ஊர் விட்டு வருவது குற்றமன்று. வந்தவர் விரும்பியபோது திரும்ப முடியாமற்போவதே அடிமைத்தனம். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தையே இம்முறையின் முதன்மையான அடையாளமாகக் காண்கிறது. அரியானா மாநிலக் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் 1983-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டாய உழைப்பு மெய்ப்பிக்கப்பட்டால் அதன் பின்னே முன்பணம் இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்றது. கருவியை நோக்கும் பார்வை இங்கும் தொடர்கிறது.

ஆதலின், ‘துன்பக்கேணி’யைப் படித்துக் கண் கலங்குவதோடு நாம் அமைதல் கூடாது. நம் வீட்டுக்குக் கல்லும் செங்கல்லும் வந்து இறங்கும்போது சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இவற்றை உடைத்தவருக்கும் அறுத்தவருக்கும் முன்பணம் கொடுக்கப்பட்டதா? கணக்கு யார் கையில் இருக்கிறது? அவர்களின் அடையாள அட்டை யாரிடம் உள்ளது? திருவிழாவுக்கோ சாவுக்கோ அவர்கள் ஊர் சென்று வர முடிகிறதா? தவறான விடை கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட வழியுண்டு. கடலில் காவற்கப்பல் செய்த வேலையை, இங்கே கேள்வி கேட்கும் அயலாரே செய்தாக வேண்டியிருக்கிறது.