கதைச் சுருக்கத்துக்குள் அடங்காதவை

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு ஆறே அடி. பாடியவர் கூடலூர் கிழார். மணமாகிப் போன பெண்ணின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், பெற்றவளிடம் தான் கண்டதைச் சொல்கிறாள். பெண் புளிக்குழம்பு வைத்தாள், மாப்பிள்ளை நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டான், அவள் முகம் மலர்ந்தது. செய்தி என்று எடுத்தால் இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு யாரும் அந்தப் பாட்டைத் தேடிப் போகமாட்டார்கள்.

பாட்டுக்குள் போனால் கதை வேறு. கட்டித்தயிரைப் பிசைந்த விரல்கள், காந்தள் இதழ் போன்ற மெல்லிய விரல்கள். குழம்பு அடுப்பில் இருக்கிறது. கைகழுவப் போனால் பக்குவம் தவறிவிடும். துவைத்து உடுத்திய சேலையிலேயே விரல்களைத் துடைத்துக்கொள்கிறாள், சேலையை மாற்றவும் இல்லை. தாளிக்கிற புகை மையெழுதிய கண்ணில் போய் நிறைகிறது. பக்கத்தில் உதவிக்கு ஆளில்லை. துழாவுவதும் அவளே, இறக்குவதும் அவளே. பாட்டு முழுவதும் ஒரே வாக்கியம். விரல், சேலை, கண், குழம்பு, கணவன் என்று வரிசையாக வந்து, கடைசிச் சொல்லாகத்தான் அவள் முகம் வருகிறது. சமையல் நடக்கும் நேரம் முழுக்க அந்த முகத்துக்காக நாமும் காத்திருக்கிறோம். வந்த முகத்திலும் பெரிய சிரிப்பு எதுவும் இல்லை. மகிழ்ச்சி நுட்பமாகத் தெரிந்தது என்கிறார் கூடலூர் கிழார். பெண் வாய்விட்டுச் சிரித்திருந்தால் பாட்டு அங்கேயே தட்டையாகியிருக்கும்.

இதைப் பார்த்தவள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெற்றவள் போயிருந்தால் மகள் சுகமாக இருக்கிறாள் என்று நிறைந்து திரும்பியிருப்பாள். தயிர் பட்ட சேலையும் புகை ஏறிய கண்ணும் செவிலியின் கண்ணில்தான் படும். அந்தக் கையைப் பிடித்துச் சோறூட்டியவள் அவள்.

படிக்க என்ன நூல் எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கதையைச் சொல்வதில்லை. இப்படி ஏதேனும் ஓர் இடத்தைச் சொல்வேன். கதைச் சுருக்கம் எழுதும்போது கைநழுவிப் போகிறவைதான் பல நூல்களுக்கு உயிர் என்று நினைக்கிறேன். இது செய்யுளுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. நாவலுக்கும் தன்வரலாற்றுக்கும் உண்டு. சமையல் நூலுக்கும் உண்டு.

சமையல் நூலில் என்ன நயம் இருக்கும் என்று கேட்பவர்கள் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தைக் கதைப் புத்தகம் போல முதலிலிருந்து படித்துப் பார்க்கலாம். 1951இல் வந்தது. இளவயதிலேயே கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் பக்குவம் கேட்டுக்கொண்டே இருக்க, எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிடு என்று மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியிருக்கிறார். அந்தப் பிறப்பு எழுத்தில் தெரிகிறது. எதிரே நிற்பவளுக்கு அடுப்படியே புதிது என்ற கரிசனம் விடாமல் கூடவே வருகிறது. அதுவரை நம் வீடுகளில் உப்புக்கும் புளிக்கும் அளவு கேட்டால் கண்ணளவு, கையளவு என்றுதான் பதில் கிடைக்கும். கூட இருந்து பார்த்துப் பழகாதவளுக்கு அந்தப் பதிலால் பயனில்லை. மீனாட்சி அம்மாள் அந்தக் கையை ஆழாக்குக் கணக்கில் கொண்டுவந்தார். மாமியாரும் அம்மாவும் பக்கத்தில் இல்லாத ஊரில் குடித்தனம் வைத்த பெண்களுக்கு, கடல் கடந்து போனவர்களுக்கும்கூட, இந்தப் புத்தகம் பெட்டியில் கூடவே போனது. குறுந்தொகைப் பெண்ணுக்கு உதவிக்கு ஆளில்லை. இந்தப் பெண்களுக்கு ஒரு குரலாவது துணையிருந்தது. 1968இல் ஆங்கிலத்திலும் வந்தது. நான் தமிழ்ப் பதிப்பையே சொல்வேன். அதன் வாக்கியங்களில் அலங்காரம் கிடையாது, தயக்கமும் கிடையாது. செய்கிற கையின் வேகத்திலேயே ஓடுகின்றன.

நாவல் கேட்பவர்களுக்கு முதலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976இல் வெளிவந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த ஒரு கூட்டம் கரிசல் காட்டை எரித்துத் திருத்தி ஊராக்கிய கதை என்று பின்னட்டை சொல்லும். தவறில்லை. ஆனால் நான் சொல்லும் இடம் ஒரு குளம். வழிநடந்து வந்த கர்ப்பிணிப் பெண்ணொருத்தி தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்குகிறாள். அவள் காதில் கிடக்கும் நகைக்கு ஆசைப்பட்ட கள்வன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். மூச்சுத் திணறும் அந்த நேரத்தில் அவள் வாய்க்கு அகப்பட்டது அவன் கால் கட்டைவிரல். கடித்தாள். உயிர் போன பிறகும் பல் விடவில்லை. கள்வன் நகர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறான்.

கொலைக்குச் சாட்சி தேடிப் போலீசும் துப்பறிவாளரும் அலைகிற கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. இங்கே போலீசே வராத காலம். செத்தவளே சாட்சி, அவள் பல்லே தடயம். இதை எழுதும்போது கி.ரா. குரலை உயர்த்துவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர், கேட்பவர் முகத்தைப் பார்த்தபடி அடுத்ததைச் சொல்லிக்கொண்டு போவது மாதிரியே சொல்கிறார். சற்றுத் தள்ளி, நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் தங்கள் முன்னோர் ஓடிவந்த வரலாற்றைச் சொல்கிறாள். துரத்துகிறவர்கள் நெருங்கும்போது, ஆற்றைக் கடக்க முடியாமல் நின்ற கூட்டத்துக்காகக் கரையிலிருந்த மரம் வளைந்து கொடுத்தது என்கிறாள். நடக்க முடியாத அற்புதம் இது. கட்டைவிரலில் பதிந்த பல்லோ கண்ணால் கண்ட உண்மை. இரண்டும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் வருகின்றன. ஊர் நினைவில் இரண்டுக்கும் ஒரே எடை என்பதை விளக்கம் எதுவும் சொல்லாமல் குரலாலேயே உணர்த்திவிடுகிறார். கரிசல் மண்ணுக்கென்று வட்டார வழக்கு அகராதியே தொகுத்தவர் அவர். அந்தக் காது நாவலின் ஒவ்வொரு பேச்சிலும் வேலை செய்கிறது.

வீச்சு வேண்டும், கடல் வேண்டும், போர் வேண்டும் என்றால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் அச்சாவதற்கு முன் பல ஆண்டுகள் கைப்பிரதியாகக் கிடந்த நூல். ஜப்பானியர் காலத்து மேடானும் பினாங்கும் களம். சிங்காரம் அந்த ஊர்களில் இருந்தவர். தெருப்பெயர்கள் டச்சிலும் மலாயிலும் வந்து விழும். வட்டிக்கடைப் பேச்சில் அடுத்தாளும் பெட்டியடியும் வரும். ஒன்றுக்கும் நின்று பொருள் சொல்லமாட்டார். புதிய ஊரில் இறங்கியவன் தெருக்களை நடந்து நடந்து பழகுவது போலத்தான் இந்த நாவலையும் பழக வேண்டும். நாயகன் பாண்டியனும் நண்பர்களும் குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமையைக் கூறுபோடும் பக்கங்கள் நீளம்தான், சில இடங்களில் அளவு மீறியும் போகின்றன. தோணி புயலில் மாட்டும் பகுதிக்கு வந்ததும் அந்தக் குறை மறந்துவிடுகிறது. வாக்கியங்கள் அங்கே துண்டு துண்டாகச் சிதறுகின்றன. இலக்கணப்படி முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் அலை மாதிரி மோதித் திரும்புகின்றன. வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்கும்.

அதற்கு நேர் எதிர் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சிறிய நாவல், 1973இல் வந்தது. சென்னையில் குடிதண்ணீர்ப் பஞ்சம். ஒண்டுக் குடித்தனத்தில் ஜமுனாவும் அவள் தங்கை சாயாவும். சினிமாவில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி ஜமுனாவை அலைக்கழிக்கும் பாஸ்கர் ராவ். இதைச் சோகக் கதையாக எழுதக் கை பரபரக்கும். அசோகமித்திரன் குடங்களையும் பம்புகளையும் தோண்டிப் போட்ட தெருவையும் எழுதுகிறார். எந்த வீட்டுப் பம்பில் எப்போது தண்ணீர் வரும், யார் எவ்வளவு எடுக்க விடுவார்கள், குழாய்க்காக வெட்டிய பள்ளத்தை எப்படித் தாண்டிப் போவது என்ற கணக்குகளிலேயே ஜமுனாவின் நாட்கள் கழிகின்றன. அவள் துக்கத்துக்குத் தனியாக வருணனை கிடையாது. குடம் தூக்கும் தோளில் அது தெரிகிறது.

அந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் டீச்சரம்மா பேசும் இடம். வயதில் மிக மூத்த நோயாளிக் கணவர், கரித்துக்கொட்டும் மாமியார், அவற்றுக்கு நடுவே பள்ளிக்கூட வேலை. தன் வாழ்க்கையை அவர் ஜமுனாவிடம் சொல்கிறார். இரக்கம் தேடிச் சொல்வதாகவும் தோன்றாது, அறிவுரை என்றும் தோன்றாது. நடந்ததை நடந்தபடி சொல்கிற தொனி. ஆறுதல் சொல்லாத அந்தப் பேச்சிலிருந்துதான் ஜமுனா எழுந்து நிற்கத் தொடங்குகிறாள். ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எழுத்தாளர், சினிமாவின் மினுக்கத்தை இந்தக் கதையில் கண்ணில் காட்டவே இல்லை. வாசலில் வந்து நிற்கும் கார் ஒன்று போதும் என்று விட்டுவிட்டார். அந்த அடக்கத்தைப் பல நாவல்களுக்குப் பாடமாக வைக்கலாம்.

இயற்கை பற்றி வேண்டுமென்றால் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஆங்கிலத்தில் எழுதிவந்தவர் என்று பலரும் அறிவார்கள். தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாக்கித் தந்திருக்கிறார். கறுப்பு வெள்ளையிலேயே கடைசிவரை படம் எடுத்த கண் அது. நிறத்தில் மயங்காமல் உருவத்தையும் நடையையும் பார்க்கிற கண். தமிழ்க் கட்டுரையிலும் அதே பார்வை. தேவையற்ற உருகல் கிடையாது. படித்து முடித்தபின், தினம் பார்க்கும் பறவையைக் கூட இன்னும் சற்று நேரம் நின்று பார்க்கத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு நூல் சொல்லச் சொன்னால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 தொடக்கத்திலிருந்து ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. எழுதும்போது ஐயருக்கு வயது எண்பத்தைந்தை ஒட்டி. ஏடு தேடி அலைந்த வீரக் கதை என்றே இதைப் பலரும் சொல்கிறார்கள். அந்த அலைச்சல் நூலின் பின்பாதியில்தான். முன்பாதி முழுவதும் படிப்புக்காக ஏங்கிய ஒரு பையன் இருக்கிறான். குடும்பம் ஊர் ஊராக மாறுகிறது. தகப்பனார் சங்கீதம் தெரிந்தவர், இராமாயணப் பிரசங்கம் செய்து பிழைப்பவர். மகனைச் சரியான ஆசிரியரிடம் சேர்க்க அவர் படும் பாடும், ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவர் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் தமிழும் கொடுத்து உதவுவதும் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. உதவியவர்களை ஐயர் பெயர் சொல்லி எழுதுகிறார். அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய உபகாரத்தைக் கூட விடவில்லை.

கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிறான். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருக்கிறார். பையன் அவரிடம் சங்கீதம் கற்கத் தொடங்குகிறான். செய்தி பிள்ளையவர்கள் காதுக்குப் போகிறது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கணத்தில் ஊன்றாது என்பது அவர் எண்ணம். சங்கீதப் பாடம் அன்றோடு நிற்கிறது. ஐயர் இதைச் சொல்லும் விதத்தில் குருவின் மேல் குறை இல்லை, தியாகம் செய்தேன் என்ற பெருமிதமும் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரின் வரலாறுகளையும் பின்னாளில் எழுதியவர் அவரே என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். விட்ட சங்கீதம் அவரை விடவே இல்லை.

பிறகு 1880, கும்பகோணம். கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்கிறார் முதலியார். மகாவித்துவான் பெயரைச் சொன்னால் எந்த அவையும் எழுந்து நிற்கும் காலம். முதலியார் முகத்தில் மாற்றம் இல்லை. படித்த நூல்களை ஐயர் அடுக்குகிறார்: அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள். பட்டியல் நீள நீள எதிரே அசைவில்லை. இவற்றுக்கும் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார் முதலியார். தமிழ்ப் பதிப்பு வரலாறு திரும்பிய இடம் என்று இதை எல்லோரும் சொல்வார்கள். நான் ரசிப்பது அந்தப் பட்டியலின் நீளத்தை. எண்பது வயதுக்கு மேல் எழுதுகிறவர் இரண்டு வரியில் கடந்திருக்கலாம். அவர் தன் இருபத்தைந்து வயதுச் செருக்கை முழு அளவில் நிறுத்திக் காட்டுகிறார். அது கரைவதையும் படிப்படியாகக் காட்டுகிறார். நாவலாசிரியர்கள் பொறாமைப்படக் கூடிய காட்சி.

சிந்தாமணிக்குள் நுழைந்தபின் புரியாத சொற்களோடு அவர் போய் நின்றது கும்பகோணத்துச் சமணர் வீடுகளில். புலவர்கள் மறந்த காவியத்தை அந்த வீடுகளில் பக்தியோடு படித்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டில் திணறவைத்த இடங்கள் அங்கே வீட்டுப் பேச்சில் தெளிந்தன. சைவ மடத்தில் படித்தவர் சமணர் முன் மாணவராக உட்கார்ந்த அந்தப் பகுதியில் ஐயருடைய நடை துள்ளுகிறது. பதிப்பு 1887இல் வெளிவந்தது.

நூல் 122 அத்தியாயங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். விகடன் வாசகர்கள் படித்த மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். 1942இல் ஐயர் மறைந்ததால் சரித்திரம் பாதியில் நிற்கிறது. மேலே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ நூலை அடுத்ததாக எடுக்க வேண்டும்.