படுத்த நாளுக்கும் சம்பளம்

இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீடு என்றால் ஆஸ்பத்திரி என்றே பலரும் நினைக்கிறார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு அது பணமும் தருகிறது. என் கணக்கில் அதுதான் அதன் பெரிய பலம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். வீட்டு வாடகையைக் கட்டாது. 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டம் இந்தக் குறையை அன்றே யோசித்திருக்கிறது.

திருப்பூரில் நாளுக்கு 600 ரூபாய் வாங்கும் ஒரு டெய்லர் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 2 நாளுக்கு ஒன்றும் கிடையாது. மீதி 28 நாளுக்கு 70 சதவீதம்: நாளுக்கு 420 வீதம் 11,760 ரூபாய். ஆண்டுக்கு 91 நாள் வரை இப்படி வாங்கலாம். காசநோய் போன்ற நீண்டகால நோயென்றால், இரண்டாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 80 சதவீதமாக நீளும். வேலையில் விரல் நசுங்கினால் 90 சதவீதம். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விபத்துப் பகுதியில் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை.

நோய்ப் பணம் அவ்வளவு எளிதில் கைக்கு வராது. ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடிக் கிடந்தாலும், கான்ட்ராக்டர் மாறும்போது வேலை விட்டுப்போனாலும் அந்தக் கணக்கு உதைக்கும். தவறு தொழிலாளியுடையதல்ல, நஷ்டம் அவருக்கு.

இதைவிட மோசமானது சம்பள உச்சவரம்பு. 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாய் என்று வைத்தார்கள்; அதைத் தாண்டினால் இஎஸ்ஐ கிடையாது. அதே டெய்லர் சூப்பர்வைசராகி, மே மாதம் சம்பளம் 21,500 ஆகிறது. செப்டம்பர் வரை சந்தா பிடிப்பார்கள், அடுத்த ஜூன் வரை நோய்ப் பணம் உண்டு, அதோடு சரி. சந்தா நின்றதில் அவருக்கு மிச்சமாவது மாதம் 160 ரூபாய் சொச்சம். கூடச் சம்பாதிப்பவர் தனியாரிடம் பாலிசி எடுக்கட்டும் என்பார்கள். அங்கே கிடைக்கும் விபத்துப் பாலிசி காமாலைக்கு ஆகாது. தீவிர நோய்ப் பாலிசியோ பட்டியலில் உள்ள பெரிய நோய்களுக்கு மட்டும்.

ஆகவே என் தீர்ப்பு: தரும் விகிதம் நியாயமானது, வெளியே தள்ளும் விதி அநியாயமானது. வரம்பை 25,000 ஆக்கினால் தள்ளப்படுவது வேறொருவராக இருப்பார், அவ்வளவுதான். வரம்பைத் தாண்டியவரையும் உள்ளேயே வைத்து, சந்தாவையும் பணத்தையும் 21,000 ரூபாய்க்கே கணக்கிடலாம். முதலாளிகள் தங்கள் பங்கான 3.25 சதவீதத்தைச் சுமை என்பார்கள். 21,000 ரூபாய்க்கு அது 682 ரூபாய் 50 காசு. சம்பளம் வரம்பைத் தொட்ட மாதத்தில் அவர்களே கட்டிய தொகைதான்.