தரமும் சேகரமும்

மணிமங்கலத்தில் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்றதாகச் சொல்லும் கூரம் செப்பேடு, வென்றவனின் பேரன் பரமேச்சுரவர்மன் வெளியிட்டது. ஒரு கட்சியின் வாக்குமூலம். இரண்டு கட்சியும் பேசக் கேட்க நான் லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஜார்ஜ் தாமசன் என்ற புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை மன்னர் தரப்பு, பாராளுமன்றத் தரப்பு, 1641 அயர்லாந்துக் கலகம் பற்றிய புளுகுகள் என்று 22,000க்கு மேற்பட்ட பிரசுரங்களைச் சேர்த்தார். பலவற்றில் தேதியும் குறித்தார். விமர்சகராயிருந்தால் மில்டனை வைத்துக்கொண்டு மீதியை எறிந்திருப்பார்.

நான் எறிந்தேன். ஒரகடம் பக்கத்து வேலைநிறுத்தத் துண்டுப் பிரசுரங்கள், இரு தரப்பினதும், வங்கி மேஜையில் சேர்ந்தவை, நடை மோசமென்று பழைய பேப்பருக்குப் போயின. தரம் பிரிப்பது நம் வேலைதான். பிரிப்பதற்கு முன் எல்லாம் இருந்தாக வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை.